அந்தி வேளை ஆட்டங்களும் நம் காமிராவும்

பிறந்த ஊரை விட்டுத் தொழில் நாடி வந்து, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியமர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்குப் புகைப்படம் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. பேரன் பேத்தியரைக் கோடை விடுமுறையில் மட்டுமே காணும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அது கடிதத்திற்கு நிகரானது. சில சமயங்களில் கடிதத்தினும் மேலானது. முன்னாளில் அதைத் தபாலுறையில் வைத்து அனுப்பினோம். இந்நாளில் கைப்பேசி வாயிலாக அனுப்புகிறோம். அனுப்பும் வழி மாறினும், எதிர்பார்த்திருக்கும் கண்கள் மாறவில்லை.

அக்கண்கள் படத்தில் தேடுவது முகத்தையே. பின்னால் தெரியும் மைதானத்தின் பரப்பையோ விளக்குகளின் பொலிவையோ அவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சடுகுடுவில் பாடிச் சென்ற பேரன் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்பியபோது எப்படிச் சிரித்தான், கைப்பந்து வலையருகே எழும்பிய பேத்தி எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை அடித்தாள் என்பனவற்றையே அவை காண விழைகின்றன. ஆனால் நம் இல்லங்களிலிருந்து ஊருக்குச் செல்லும் மாலை விளையாட்டுப் படங்கள் பலவற்றில் அம்முகம்தான் கலங்கிக் கிடக்கிறது. மைதானம் தெளிவாக இருக்கிறது. விளக்குக் கம்பம் தெளிவாக இருக்கிறது. ஆடிய பிள்ளை மட்டும் நீர் பட்டுக் கரைந்த மையெழுத்துப்போல் தோன்றுகிறான்.

இதற்குக் காரணம் நம் வாழ்க்கை முறையிலேயே அமைந்திருக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்து, தனிப்பாடமும் முடிந்து, பிள்ளைகள் மைதானத்திற்கு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடுகிறது. பெற்றோரோ அலுவலகத்திலிருந்து புறப்பட்டு, ரயிலிலும் பேருந்திலும் நெருக்குண்டு, ஆட்டத்தின் பிற்பாதிக்கு வந்து சேருகின்றனர். வெளிச்சம் உள்ள நேரத்தில் நாம் மைதானத்தில் இல்லை. நாம் மைதானத்தில் உள்ள நேரத்தில் வெளிச்சம் இல்லை. ஆகவே, அந்தியிலும் விளக்கொளியிலும் ஓடியாடும் பிள்ளைகளைப் படமெடுக்கக் காமிராவை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம். புதிய கருவி வாங்குமாறு யாரையும் தூண்டுவது நம் நோக்கம் அன்று. கையில் உள்ளதைக் கொண்டே பெரும்பாலும் காரியம் கைகூடும்.

படம் கலங்குவது ஏன்?

காமிராவைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டால், அது முதலாவதாக வெளிச்சத்தையே அளக்கிறது. வெளிச்சம் குறையக் குறைய, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. இவ்வாறு பல கருவிகள் மாலையில் 1/60 வினாடிக்கும் 1/30 வினாடிக்கும் இறங்கிவிடுகின்றன. உட்கார்ந்து பேசும் பெரியோர்களைப் படமெடுக்க இது போதும். ஓடும் சிறுவனுக்கோ போதாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 5 மீட்டர் ஓடும் ஒரு சிறுவன், 1/60 வினாடியில் 8 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறான். அவன் முகத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் அது ஆகிவிடும். அவன் நம்மைக் கடந்து குறுக்காக ஓடினால், அவ்வளவு தூரமும் படத்தில் இழுப்பாகப் பதிகிறது. அதே சிறுவன் 1/500 வினாடியில் நகர்வது 1 சென்டிமீட்டர் மட்டுமே. எட்டத்திலிருந்து எடுக்கும் படத்தில் அந்த 1 சென்டிமீட்டர் கண்ணுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. கையும் காலும் உடலினும் விரைவாக அசைவன ஆதலால் அவை சற்றுக் கலங்கலாம். அதனால் குறையில்லை, முகம் தெளிந்தால் போதும்.

இங்கே ஒன்றை அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும். இக்காலத்துக் காமிராக்களிலும் லென்ஸுகளிலும் கைநடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. அது நம் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். எதிரே ஓடும் பிள்ளையின் ஓட்டத்தைத் தடுக்காது. கம்பம் தெளிவாகவும் பிள்ளை கலங்கியும் அமைந்த படங்களின் மர்மம் இதுவே.

ஓட்டத்தை நிறுத்திப் பிடிக்க வேகமும், வேகத்திற்கு ஒளியும் தேவை என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 1878ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எட்வர்டு மைபிரிட்ஜ் என்பார் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் ஓட்டத்தைப் படிப்படியாகப் படமாக்கினார். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுவதை உலகம் கண்டது அப்பொழுதுதான். அதற்காக அவர் பகலவனின் பேரொளியைத் தேர்ந்துகொண்டதோடு, குதிரைக்குப் பின்னால் வெண்மையான திரையையும் அமைத்துக்கொண்டார். நமக்கு அந்தப் பேரொளி கிட்டுவதில்லை. ஆயினும் அவர் காலத்துத் தகட்டைவிடப் பன்மடங்கு நுண்ணுணர்வு கொண்ட கருவி நம் கையில் இருக்கிறது.

குடும்ப வரவு செலவுபோல் ஒரு கணக்கு

காமிராவில் நாம் மாற்றத்தக்கவை மூன்று. முதலாவது, ஷட்டரின் வேகம். இரண்டாவது, லென்ஸின் திறப்பு. இதை எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 5.6 என்றெல்லாம் குறிப்பர். எண் சிறிதானால் திறப்புப் பெரிது. மூன்றாவது, ஒளியுணர்வின் அளவு, இதை ஐ.எஸ்.ஓ. என்பர், 400, 800, 1600, 3200 என்று இரட்டித்துக்கொண்டே போகும்.

இம்மூன்றின் உறவைக் குடும்பத்தின் மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். மைதானத்தில் உள்ள வெளிச்சம் நம் சம்பளம் போன்றது. நாம் விரும்பியபடி அது கூடுவதில்லை. ஷட்டரின் வேகம் வீட்டு வாடகை போன்றது. முதல் தேதியில் அதைக் கொடுத்தே தீரவேண்டும். லென்ஸின் திறப்பு கையிருப்பு. இருப்பதை முழுவதும் செலவிடலாம், இல்லாததைச் செலவிட முடியாது. ஐ.எஸ்.ஓ. என்பது கடன். வேண்டிய அளவு வாங்கலாம். ஆனால் அதற்கு வட்டி உண்டு. அந்த வட்டியே படத்தில் தோன்றும் மணல்போன்ற புள்ளிகள்.

சிக்கனமுள்ள குடும்பத்தார் கடனுக்கு அஞ்சுவது இயல்பு. ஆதலின் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த நம்மவர் தயங்குகின்றனர். இத்தயக்கமே மாலைப் படங்களைக் கெடுக்கும் பெரும்பகை என்பது நம் துணிபு. வட்டிக்கு அஞ்சி வாடகை கொடாதவன் வீதிக்கு வருவான். புள்ளிக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தவன் கலங்கிய படத்தோடு வீடு திரும்புவான். புள்ளி விழுந்த படத்தில் முகம் இருக்கிறது. கணினியில் அதை ஓரளவு துடைக்கவும் வழி இருக்கிறது. கலங்கிய முகத்தைத் திருத்தமாக மீட்டுத் தருவது அரிது. மேலும், ஊரில் இருப்போர் அப்படத்தை உள்ளங்கை அகலமுள்ள கைப்பேசித் திரையிலோ, அஞ்சலட்டை அளவுள்ள அச்சிலோதான் காண்கிறார்கள். அவ்வளவில் 3200 அல்லது 6400 ஐ.எஸ்.ஓ.வின் புள்ளிகள் பெரிதாகத் தெரிவதில்லை.

ஐ.எஸ்.ஓ.வைக் குறைவாக வைத்து இருண்ட படம் எடுத்துக்கொண்டு, பின்னர் கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவோரும் உளர். அதனால் மிச்சம் ஒன்றும் இல்லை. இருளிலிருந்து இழுத்தெடுத்த படத்தில் புள்ளிகள் பல சமயம் மேலும் மிகுந்தே தோன்றும். வேண்டிய வெளிச்சத்தை எடுக்கும்போதே அமைத்துக்கொள்வது நன்று.

ஆகவே வரிசை இது: முதலில் வேகத்தை முடிவு செய்க. அடுத்து, லென்ஸை அது திறக்கும் அளவுக்கு முழுமையாகத் திறந்துவிடுக. எஞ்சிய குறையை ஐ.எஸ்.ஓ. தீர்க்கட்டும்.

எந்த ஆட்டத்திற்கு எவ்வளவு வேகம்?

சடுகுடு, கோ-கோ, ஓட்டப்பந்தயம், காற்பந்து ஆகியவற்றிற்கு 1/500 வினாடி தகும். கைப்பந்தில் ஓங்கி அடிக்கும் அடி, இறகுப்பந்தாட்டம், கிரிக்கெட்டில் பந்து வீசும் கை ஆகியவற்றிற்கு 1/1000 வினாடி வேண்டும். சிறு குழந்தைகளின் சாக்கு ஓட்டத்திற்கு 1/250 போதும். எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி மெல்ல நடக்கும் பந்தயத்திற்கு 1/125ஏ போதும். அங்கு நடையைவிட முகபாவமே முக்கியம்.

காமிராவின் மேல் உள்ள சக்கரத்தில் 'எம்' என்னும் எழுத்தை வைத்து, வேகத்தையும் திறப்பையும் நாமே அமைத்து, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் தானாக மாறும்படி விடுவது பல கருவிகளில் இயலும். அந்தி நேரத்திற்கு இதுவே மிகவும் சௌகரியமானது. வெளிச்சம் குறையக் குறைய ஐ.எஸ்.ஓ. தானே ஏறிக்கொள்ளும்; நாம் கண்டிப்பாக வைத்த வேகம் குறையாது.

ஊருக்கு ஊர் வேறுபடும் அந்தி

நம் நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு இந்திய நேரம் கணிக்கப்படுகிறது. கதிரவன் அக்கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டவன் அல்லன். மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஏறத்தாழ 15½ பாகை இருத்தலால், கதிரவன் கொல்கத்தாவில் சுமார் ஒரு மணி நேரம் முந்தியே மறைந்துவிடுகிறான். டிசம்பர் முதல் வாரத்தில் கௌஹாத்தியில் மாலை சுமார் 4.30க்கும், கொல்கத்தாவில் 4.50க்கும், தில்லியில் 5.25க்கும், சென்னையில் 5.40க்கும், மும்பையில் 6 மணிக்கும் ஞாயிறு மறைகிறது. ஜூன் மாத இறுதியிலோ தில்லியிலும் மும்பையிலும் 7.20 அளவுக்கு நீடிக்கிறது.

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில், இளஞ்சிவப்புப் பந்தைக் கொண்டு, இந்திய மண்ணின் முதலாவது பகலிரவு டெஸ்ட் பந்தயம் தொடங்கியது. மாலைப் பனியைக் கருதி ஆட்டத்தைப் பகல் 1 மணிக்கே ஆரம்பித்தார்கள். அவ்வூரின் மாலை எவ்வளவு விரைவில் வருகிறது என்பதை உணர்ந்தோர்க்கு இதில் வியப்பிராது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பழகிய மாலை 5 மணி வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு டிசம்பரில் கொல்கத்தா மைதானத்திற்குச் செல்லும் நம்மவர், அங்கே விளக்கேற்றும் வேளையைத்தான் காண்பர். ஆகவே, மாற்றலாகிப் புதிய நகருக்குச் சென்றோர் அவ்வூரின் மறைவு நேரத்தை நாளேட்டிலோ கைப்பேசியிலோ பார்த்துக்கொள்வது நலம். சங்கத்தின் விளையாட்டு விழாவிற்கு நேரம் குறிப்போரும் இதை மனங்கொண்டால், இறுதி ஆட்டங்களேனும் நல்லொளியில் நடந்தேறும்.

ஒளி குறையும் விதத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். தெளிந்த வானில் உச்சி வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஞாயிறு மறையும் தறுவாயில் அது சுமார் 400 லக்ஸுக்கு இறங்குகிறது. அதன்பின் ஏறத்தாழ 25 நிமிடங்களில் 3 அல்லது 4 லக்ஸாகிவிடுகிறது. அஃதாவது, மறைவுக்குப் பிறகு 4 நிமிடங்களுக்கு ஒரு முறை வெளிச்சம் பாதியாகிறது என்று கொள்ளலாம். நம் கண் இதை உணர்வதில்லை. இருளுக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்கிறது. காமிராவிற்கு அத்தகைய தயவு கிடையாது. கண்ணை நம்பாமல், ஒவ்வொரு சில நிமிடத்திற்கும் எடுத்த படத்தை ஒரு முறை பார்த்து அமைப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எண்களைக் கொண்டு ஓர் உதாரணம்

பலரிடம் இருப்பது காமிராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண ஜூம் லென்ஸ். அதை நீட்டினால் அதன் பெரிய திறப்பு எஃப் 5.6. மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வானம் தெளிவாக இருப்பின், ஐ.எஸ்.ஓ. 800 வைத்து 1/1000 வினாடியில் தடையின்றி எடுக்கலாம். மறையும் தறுவாயில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்தால் 1/320 வினாடி கிடைக்கும். அதற்குப்பின் விளக்கொளிதான்.

தொலைக்காட்சியில் காணும் பெரிய ஸ்டேடியங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லக்ஸ் வெளிச்சம் பொழிகிறது. நம் குடியிருப்பு மைதானத்தில் 200 லக்ஸ் இருந்தால் அதுவே நல்ல வெளிச்சம். அவ்விடத்தில் எஃப் 5.6 திறப்பும் ஐ.எஸ்.ஓ. 3200ம் வைத்தால் 1/80 வினாடிதான் கிட்டும், பிள்ளை கலங்கிவிடுவான். ஐ.எஸ்.ஓ.வை 12800க்கு உயர்த்தினால் 1/320 கிடைக்கும். புள்ளிகள் மிகும், முகம் கிட்டும்.

ஏதேனும் ஒன்று வாங்கியே தீருவது என்ற எண்ணமுள்ளோருக்கு மட்டும் ஒரு சொல். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ், கழற்றி மாட்டும் லென்ஸுகளில் விலை குறைந்தவற்றுள் ஒன்று. எஃப் 5.6 திறப்பைக் காட்டிலும் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை அது உள்ளே விடும். மேற்சொன்ன 200 லக்ஸ் மைதானத்தில் அதே ஐ.எஸ்.ஓ. 3200ல் 1/80 வினாடி கிடைத்த இடத்தில் 1/800 கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஜூம் இல்லை. நம் கால்கள்தாம் ஜூம். கோட்டருகே சென்று நிற்க வேண்டும். தெளிவு நிற்கும் ஆழமும் குறைவு. 5 மீட்டர் தொலைவில் முக்கால் மீட்டருக்கும் குறைவான ஆழமே தெளிவாக இருக்கும். எனவே குவியத்தில் கவனம் வேண்டும்.

விளக்கொளியின் இயல்பு

விளக்கடியில் எடுத்த படங்களில் ஒன்று வெளுத்தும், அடுத்தது மங்கியும், மற்றொன்று மஞ்சளாகவும் அமைவதைக் காணலாம். காமிரா பழுதாகிவிட்டதென்று அஞ்ச வேண்டா. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுவது. அதனால் குழல் விளக்குகளும், பழைய ஸ்டேடிய விளக்குகளும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் வினாடிக்கு 100 முறை பிரகாசித்து மங்குகின்றன. 1/100 வினாடியில் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்தில் அடங்கிவிடுகிறது. 1/500 வினாடியில் எடுத்தாலோ துடிப்பின் ஐந்தில் ஒரு பகுதியே அகப்படுகிறது. அது ஏறுமுகமா இறங்குமுகமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதற்கு மாற்று உண்டு. 2014ல் கேனான் நிறுவனம் வெளியிட்ட செவன்-டி மார்க்-2 காமிராவில், விளக்கின் துடிப்பை உணர்ந்து பிரகாசமான கணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி வந்தது. அதன்பின் வேறு பல கருவிகளிலும் அவ்வசதி அமைந்துவிட்டது. 'ஆன்டி-ஃபிளிக்கர்' என்று பட்டியலில் இருப்பின் அதை இயக்கிவிடுக. அஃது இல்லாதோர் ஒரே தருணத்தில் மூன்று நான்கு படங்களைத் தொடர்ந்து எடுத்து, நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒலியின்றி இயங்கும் எலெக்ட்ரானிக் ஷட்டரை விளக்கடியில் தவிர்ப்பது நலம். அதனால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழக்கூடும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். நிறச் சமன்பாட்டைக் காமிராவின் விருப்பத்திற்கு விடாமல், விளக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து அதையே அளவுகோலாக அமைத்துக்கொண்டால் மாலை முழுவதும் நிறம் மாறாதிருக்கும். 'ரா' முறையில் படத்தைச் சேமித்தால், வீட்டிற்கு வந்த பின்னும் நிறத்தைத் திருத்தலாம்.

இன்னொரு நுட்பம். சடுகுடுக் களம் மட்டும் ஒளிபெற்று, சுற்றுப்புறம் கரிய இருளாக இருந்தால், காமிரா அவ்விருளையும் சேர்த்து அளந்து, வெளிச்சம் போதாதென்று எண்ணிவிடுகிறது. விளைவு, ஆடுவோர் முகங்கள் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துவிடுகின்றன. அப்பொழுது வெளிச்சத் திருத்தத்தை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும். மாறாக, மாலை வானத்தைப் பின்னணியாகக் கொண்டு எடுத்தால் முகம் கறுத்துவிடும். அங்கே ஒரு படி கூட்ட வேண்டும். இருட்டிய பின் விளக்கொளி ஒரே அளவாக நிற்பதால், ஒரு முகத்தைப் படமெடுத்துப் பார்த்து, மூன்று அளவுகளையும் நாமே நிலையாக வைத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

குவியமும் தருணமும்

நிற்கும் பொருளுக்குரிய குவிய முறை ஓடும் பிள்ளைக்கு உதவாது. தொடர் குவிய முறையை அமைத்துக்கொள்ள வேண்டும். சில கருவிகளில் 'ஏ.எஃப்.-சி' என்றும், கேனான் கருவிகளில் 'சர்வோ' என்றும் இது வழங்கும். பழைய கருவிகளில் நடுப்புள்ளி ஒன்றையே தேர்ந்தெடுத்துப் பிள்ளையின் மார்பின்மேல் நிறுத்தித் தொடர்வது உறுதியான வழி. மங்கிய ஒளியில் நடுப்புள்ளியே பெரும்பாலும் திறமாக வேலை செய்யும்.

வேகம் போதவில்லையென்றால் தருணத்தைத் துணைக்கு அழைக்கலாம். மேலே எழும்பிய உடல், உச்சியில் ஒரு கணம் நின்று பின் இறங்குகிறது. அந்த உச்சியை ஒட்டிய பத்தில் ஒரு பங்கு வினாடியில், உடல் மேலும் கீழுமாக நகர்வது சுமார் 1 சென்டிமீட்டரே. ஆகவே கைப்பந்து வலையருகே எழும்பும் பெண்ணை 1/250 வினாடியிலும் தெளிவாகப் பிடிக்கலாம்; வீசும் கை மட்டும் சற்றே கலங்கும். அக்கலக்கம் அடியின் வலிமையைக் காட்டுமேயன்றிக் குறையாகாது. உச்சியைக் கண்ட பின் பொத்தானை அழுத்தினால் காலம் கடந்துவிடும். அவள் தரையை விட்டு எழும்போதே அழுத்தத் தொடங்க வேண்டும்.

சடுகுடுவில் ஒரு பாட்டிற்கு 30 வினாடி. பாடிச் செல்பவர் பெரும்பகுதி நேரம் தயங்கி, ஏமாற்றி, எதிரிகளை நோட்டம் பார்க்கிறார். அத்தயக்கத்தின் கணங்களில் உடல் ஏறக்குறைய நிலைத்து நிற்கிறது; கண்களில் ஆட்டம் முழுவதும் தெரிகிறது. பிடிபடும் அமளியில் முதுகுகளே மிகுதியாகத் தெரியும். பாடுபவர் முகத்தை விரும்புவோர் எதிரணியின் கடைக்கோட்டுப் பக்கம் நிற்க வேண்டும். 13 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள களம் அது. ஆதலின் சாதாரண லென்ஸும் எட்டும். நம்மை நோக்கி ஓடி வருபவரின் இழுப்பு, குறுக்கே ஓடுபவரின் இழுப்பினும் குறைவாகவே பதியும் என்பதும் இதில் ஓர் ஆதாயம்.

பிளாஷும் பண்பாடும்

ஒளி போதவில்லையென்றால் பிளாஷ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தொலைவு இரட்டித்தால் பிளாஷின் ஒளி நான்கில் ஒரு பங்காகிறது. 2 மீட்டரில் நன்கு பயன்படும் சிறு பிளாஷ், 8 மீட்டர் தொலைவில் பதினாறில் ஒரு பங்கே தரும். களத்தின் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்போரின் தலைகளை மட்டும் வெளுக்கச் செய்யும். அதனினும் முக்கியமானது ஆடுவோர் நலம். இறகுப்பந்தை அண்ணாந்து நோக்கும் சிறுமியின் கண்ணில் பளிச்சென்று ஒளி பாய்ந்தால், அவள் ஆட்டம் மட்டுமன்று, அவள் கண்ணும் காலும் தடுமாறும். நம் பிள்ளைக்கு நேரக்கூடாதது பிறர் பிள்ளைக்கும் நேரக்கூடாது. ஆகவே ஆட்டம் நடக்கும்போது பிளாஷை அணைத்துவிடுவதே முறை.

பிறர் பிள்ளைகள் இடம்பெற்ற படங்களை ஊராரெல்லாம் காணப் பரப்புவதற்கு முன், அவர்களுடைய பெற்றோரின் இசைவைக் கேட்டுக்கொள்வதும் நல்ல வழக்கம்.

கைப்பேசி மட்டும் உடையோர்க்கு

நம் சங்கக் குடும்பங்களில் தனிக் காமிரா இல்லாத வீடுகளே மிகுதி. அவர்களும் ஏங்க வேண்டியதில்லை. கைப்பேசியின் 'நைட் மோட்' என்னும் இரவு முறை, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு படம் செய்கிறது. கோபுரத்திற்கும் கொலு மண்டபத்திற்கும் அது மிக நன்று. ஓடும் பிள்ளைக்கு ஆகாது. விளையாட்டின்போது அதை நிறுத்திவிடுக. 'ப்ரோ' என்னும் முறை இருந்தால், அதில் வேகத்தை 1/250 அல்லது 1/500 என்று வைத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தானாக ஏறவிடலாம். அம்முறை இல்லாத கைப்பேசிகளுக்குத் தனிச் செயலிகள் கிடைக்கின்றன.

விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகும். இரண்டு அடி முன்னே செல்வதே மேல். கைப்பேசியின் சிறிய ஒளியுணர்கருவி, பெரிய காமிராவினுடையதைப்போல் இருளைத் தாங்காது. எனவே, விளக்குக் கம்பத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிள்ளை விளக்கை நோக்கி வரும் திசையில் நின்று எடுப்பது கைப்பேசியாளர்க்கு இன்றியமையாதது. பந்து போடும் முன் நிற்கும் நிலை, வெற்றி பெற்றதும் கைகளைத் தூக்கும் நிலை, தோற்றவனை நண்பன் தோளில் தட்டும் நிலை ஆகியவை ஓட்டம் குறைந்த கணங்கள். அவற்றைக் கைப்பேசி நன்றாகவே பிடித்துத் தரும். ஆட்டத்தின் உயிர் அக்கணங்களிலும் இருக்கிறது.

நிறைவாக

வேகத்தை முதலில் வைக்க வேண்டும்; லென்ஸை முழுவதும் திறக்க வேண்டும்; ஐ.எஸ்.ஓ.வின் புள்ளிகளுக்கு அஞ்சலாகாது. ஊரின் அந்தி நேரத்தை அறிந்து செல்ல வேண்டும். விளக்குக்கு நேராகத் திரும்பும் முகத்திற்குக் காத்திருக்க வேண்டும். இவ்வளவே செய்தி. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கருவியாயினும், இவற்றைத் தானாக அறிந்து செய்யும் என்று நம்பி இருந்துவிடலாகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழகத் தொடங்கலாம். வீட்டு வாசலில் பந்தாடும் பிள்ளையை மாலை 6 மணிக்கு 1/60, 1/250, 1/500 என்ற மூன்று வேகங்களிலும் எடுத்து, படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். எது ஊருக்கு அனுப்பத் தக்கது என்பதைப் பிள்ளையே சொல்லிவிடுவான். அன்னார் இளமையின் ஓட்டம் ஒரு மாலையோடு முடிவது. பார்வை மங்கிவரும் பெரியோர் அதைக் காணவேண்டி எத்தனையோ மைல்களுக்கு அப்பால் காத்திருக்கின்றனர். படத்தில் சில புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும். "இது நம் பிள்ளைதான்" என்று அவர்கள் ஐயமின்றிச் சொல்லும்படி முகம் தெளிவாக அமையட்டும்.